மருமகன் தந்த பணம்

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மவரில், பெற்றோர் பணத்தை மட்டுமே கொண்டு பட்டம் பெறுபவர் சிலரே. தந்தையின் ஊதியம் போதாத வீட்டில் தாய்மாமன் கைகொடுக்கிறார். அக்காளின் கணவர் ஒரு பருவத்துக்கு விடுதிக் கட்டணம் கட்டிவிடுகிறார். சித்தப்பா, இரயில் புறப்படும் நேரத்தில் சட்டைப் பையில் நாலைந்து நோட்டுகளைத் திணித்துவிட்டு, "வீட்டில் சொல்லாதே" என்கிறார். இவற்றுக்கெல்லாம் யாரும் கணக்கு எழுதுவதில்லை. இரசீது கேட்பதும் இல்லை.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா? ரொக்கமாகக் கொடுப்பது குற்றமா? விடுதியில் இப்பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விடைகளைக் கேட்டிருக்கிறேன். "ஐம்பதாயிரத்துக்கு மேல் யார் கொடுத்தாலும் வரிதான்" என்பார் ஒருவர். "சொந்தக்காரர் கொடுத்தால் ஒன்றும் இல்லை" என்பார் மற்றவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நான் இயற்பியல் மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் என்னைப் படிக்க வைத்தவர் என் தாய்மாமன். அடுத்த ஆண்டு நான் பொருளீட்டத் தொடங்கினால், முதலில் பணம் அனுப்ப விரும்புவது அவருக்குத்தான். ஆகவே, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களுக்கும் சொல்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

கொடை என்பது எது?

நம் நாட்டில் கொடைக்கு இலக்கணம் வகுத்திருப்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். தன்னிடம் இருக்கும் பொருளை ஒருவர் தம் விருப்பத்தால், கைம்மாறு பெறாமல் மற்றொருவருக்குத் தரவேண்டும். அவரும் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் உயிருடன் இருக்கும்போதே ஏற்க வேண்டும். இவை கூடினால் கொடை நிறைவேறிவிடும். வீடு, நிலம் முதலியவற்றுக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். பணம் போன்ற பொருள்களுக்குக் கையில் ஒப்படைப்பதே போதும். எனவே, சித்தப்பா சட்டைப் பையில் திணித்த நோட்டு, ஒரு தாளும் எழுதப்படாமலே முழுமையான சட்டப்படியான கொடை ஆகும். கொடுத்தபின் மனம் மாறி, "திருப்பித் தா" என்று அவர் கேட்க இயலாது.

ஆனால் "தருகிறேன்" என்று சொன்ன சொல் கொடை ஆகாது. கைம்மாறில்லாத வாக்குறுதி பொதுவாகச் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். நெருங்கிய உறவினர் அன்பின் காரணமாக எழுதிப் பதிவு செய்த வாக்குறுதி போன்ற சிலவே அதற்கு விலக்கு. "நீ பொறியியல் சேர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று திண்ணையில் சொன்ன பெரியப்பாவின் மேல் வழக்குத் தொடுக்க வழியில்லை.

வரி யார் தலையில்?

கொடைக்கு வரி என்ற எண்ணம் நம் நாட்டில் 1950-களில் தோன்றியது. இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின்மீது 1953-இல் வரி வந்தது. இறக்கும் முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் அவ்வரியிலிருந்து தப்பலாம் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று 1956-இல் இந்தியாவின் வரிமுறையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டர் பரிந்துரைத்தார். 1958-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியிருந்தமையால், பிரதமர் நேருவே வரவு செலவுத் திட்டத்தை மக்களவையில் வைத்தார். அதில்தான் கொடை வரி அறிவிக்கப்பட்டது. அவ்வரியைக் கட்ட வேண்டியவர் கொடுப்பவர்.

நாற்பது ஆண்டுகள் அது நடந்தது. 1998 அக்டோபர் 1 முதல் கொடுத்த கொடைகளுக்கு அவ்வரி இல்லை என்று நீக்கினார்கள். அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கொடுப்பவருக்கும் வரியில்லை, பெறுபவருக்கும் வரியில்லை. கணக்கில் வராத பணத்தையெல்லாம் "நண்பர் அன்பளிப்பாகத் தந்தார்" என்று எழுதிக்கொள்ள இது நல்ல வாய்ப்பாயிற்று. ஆகவே 2004 செப்டம்பர் 1 முதல் அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. கொடை வரியை மீண்டும் கொண்டுவரவில்லை. கைம்மாறின்றிப் பெற்ற பணத்தைப் பெற்றவரின் வருமானமாகவே கணக்கிட்டது. அன்று எல்லை ரூ. 25,000. 2006 ஏப்ரல் 1 முதல் அது ரூ. 50,000 ஆயிற்று, இன்றும் அதுவே. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி, எண் மாறினாலும் பொருள் மாறாமல், இடம்பெற்றிருக்கிறது.

அந்த ரூ. 50,000 பற்றி இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, அது ஒரு ஆள் கொடுத்த தொகைக்கு உரிய எல்லை அன்று. ஏப்ரல் தொடங்கி மார்ச் முடிய, உறவினர் அல்லாத எல்லோரும் கொடுத்த பணத்தின் கூட்டுத்தொகைக்கு உரியது. இரண்டாவது, எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று எண்ணக்கூடாது. ரூ. 50,000 வரை ஒரு காசும் வருமானம் ஆகாது. ரூ. 50,001 ஆனால் அந்த ஐம்பதாயிரத்து ஒன்றும் வருமானம். ஒரு ரூபாயில் நிலை முழுவதும் மாறிவிடுகிறது.

வருமானம் என்றவுடன் வரி கட்ட நேரும் என்பதும் இல்லை. 2025-26-ஆம் நிதியாண்டில் புதிய வரிமுறையின்படி ரூ. 4 இலட்சம் வரையுள்ள மொத்த வருமானத்துக்கு வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு இது பெரிய பாதுகாப்பு. கல்விச் செலவுக்கென வழங்கப்படும் உதவித்தொகை இந்தக் கொடைக் கணக்கிலேயே சேராது. அதற்குத் தனி விலக்கு உண்டு.

மருமகன் என்பவர் யார்?

உறவினர் கொடுத்தால் எல்லையே இல்லை. எத்தனை இலட்சமானாலும் பெறுபவருக்கு வரியில்லை. அப்படியானால் உறவினர் யார்? இங்கேதான் சட்டத்தின் உறவுமுறையும் நம் உறவுமுறையும் பிரிகின்றன.

பெறுபவரை நடுவில் நிறுத்திச் சட்டம் எண்ணுகிறது. அவருடைய கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தார், தாய் தந்தையரின் உடன்பிறந்தார், பெற்றோர், பாட்டன் பாட்டி என மேலே செல்லும் நேர்வழி முன்னோர், பிள்ளைகள், பேரர் எனக் கீழே செல்லும் நேர்வழியினர், கணவன் அல்லது மனைவிக்கு அவ்வாறே உள்ள நேர்வழியினர், இவர்கள் அனைவருடைய கணவன் அல்லது மனைவி. இவ்வளவுதான் பட்டியல்.

இதன்படி பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் ஆகியோர் நமக்கு உறவினர். அவர்களுடைய மனைவியரும் கணவன்மாரும் உறவினர். அக்காளின் கணவரும் உறவினர். ஆனால் பெரியப்பா மகனை நாம் "அண்ணன்" என்றே அழைத்தாலும் சட்டத்துக்கு அவர் அண்ணன் அல்லர். அத்தை மகனும் மாமன் மகளும் பட்டியலில் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே தட்டில் உண்ட பெரியப்பா மகன் ரூ. 60,000 கொடுத்தால், வழியில் பார்த்த ஒருவர் கொடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. தாய்மாமன் எனக்குக் கொடுத்தால், அவர் என் தாயின் உடன்பிறந்தார், ஆகவே வரியில்லை. நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தால்? இப்போது நடுவில் நிற்பவர் அவர். நான் அவருடைய மனைவி அல்லன், உடன்பிறந்தான் அல்லன், பிள்ளையும் அல்லன். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே, அவர் எனக்கு உறவினர். நான் அவருக்கு உறவினன் அல்லன்! கணிதத்தில் "சமச்சீர் உறவு" என்று படிக்கிறோம். அ என்பவர் ஆ-வுக்கு உறவு எனில் ஆ-வும் அ-வுக்கு உறவாக வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் உறவு சமச்சீர் உடையது அன்று. மாமன் மருமகனுக்குத் தந்தது கொடை. மருமகன் மாமனுக்குத் தந்தது, ரூ. 50,000 தாண்டினால், மாமனின் வருமானம்.

"மருமகன்" என்ற சொல் தமிழில் உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும், மகளின் கணவனையும் குறிக்கும். சட்டத்தில் இவ்விருவரும் வேறு வேறு. மகளின் கணவன், நேர்வழியில் வந்தவளின் கணவன் ஆதலால் உறவினன். ஆகவே மாமன் மகளை மணந்துகொண்ட மருமகன் மாமனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரியில்லை! நம் பழைய வழக்கத்துக்கு வருமான வரிச் சட்டம் இப்படி ஒரு சலுகை தந்திருப்பதை அதனை இயற்றியவர்களே எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். (இதைக் காட்டி எந்த நண்பரும் வீட்டில் பெண் கேட்கப் புறப்பட வேண்டாம்.)

நான் என் தாய்க்குக் கொடுத்தால் வரியில்லை; தாய் தம் உடன்பிறந்தாருக்குக் கொடுத்தாலும் வரியில்லை. நேரே சென்றால் வரிக்கு உரிய அதே பணம், தாயின் கை வழியாகச் சென்றால் வரிக்கு உரியதாவதில்லை. தாய் தம் பணத்தைத் தம் விருப்பத்தால் கொடுத்தால் அது உண்மையான கொடை. வரிக்குத் தப்ப வேண்டி அவர் கையைக் குழாயாக மட்டும் பயன்படுத்தினால், இரண்டையும் ஒரே கொடையாகக் கொள்ள அதிகாரிகளுக்கு இடமுண்டு. ஆகவே இதை ஒரு தந்திரமாக நான் பரிந்துரைக்கவில்லை.

நேர்மையான வழிகள் வேறு உள்ளன. மாமனுக்கு ஆண்டில் ரூ. 50,000-க்கு உட்பட்டு அனுப்பலாம், மாதம் ரூ. 4,000 எனில் ஆண்டுக்கு ரூ. 48,000 ஆகிறது. பிற நண்பர் யாரும் அவருக்குக் கொடுக்காதவரை எல்லை தாண்டாது. அல்லது, அவர் கொடுக்கும் பணம் கடன் என்றால் தொடக்கத்திலேயே கடன் என்று எழுதிக்கொள்ளலாம். கடனைத் திருப்பித் தருவது கொடையும் அன்று, பெறுபவரின் வருமானமும் அன்று. ஆனால் கடன், ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் எனில், ரொக்கமாக வாங்கவும் கூடாது; ரொக்கமாகத் திருப்பவும் கூடாது; வங்கி வழியாகவே நடக்க வேண்டும். கொடையாக வாங்கியதைப் பின்னாளில் கடன் என்று பெயர் மாற்றவும் இயலாது.

மணமும் மொய்யும்

ஒருவருடைய திருமணத்தின்போது அவருக்கு வரும் கொடைக்கு எல்லை இல்லை. உறவினர், நண்பர், அயலார் யார் கொடுத்தாலும் வரியில்லை. இந்த விலக்கு மணமக்களுக்கு மட்டுமே உரியது. பெண்ணின் தந்தையோ பிள்ளையின் தந்தையோ தமக்கென வாங்கிக்கொள்ளும் பணத்துக்கு இது பொருந்தாது. நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுதுவது பெரும்பாலும் பெற்றோர் கணக்கில்தானே! அவர்கள் இருபது ஆண்டுகளாகப் பிறர் வீட்டில் செய்த மொய் அன்று திரும்பி வருகிறது. அத்துடன், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் ஆகியவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது. அங்கே உறவினர் அல்லாதார் எழுதும் மொய் எல்லாம் அந்த ரூ. 50,000 கணக்கில் சேரும்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளில், கீரமங்கலம், பேராவூரணிப் பக்கங்களில், ஆடி ஆவணியில் மொய்க்கென்றே விருந்து வைக்கிறார்கள். வடநாட்டுத் தோழர்களைக் கேட்டால் அவர்கள் சிற்றூர்களிலும் "நியோதா" என்று இதற்கு இணையான ஒரு வழக்கம் இருப்பதாகச் சொல்வார்கள். அங்கேயும் நோட்டுப் புத்தகம் உண்டு; அங்கேயும் வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். இது கொடையா, கடனா? கொடை எனின் ரூ. 50,000 விதி முன்னே நிற்கிறது. கடன் எனின் ரூ. 20,000 விதி முன்னே நிற்கிறது. வரிக்கு உரிய வருமானம் இல்லாத இரு வேளாண் குடும்பத்தினர் தமக்குள் வாங்கும் கடனுக்கு அதில் விலக்கு உண்டு. சட்டத்தில் மொய் என்ற சொல்லே இல்லை. நம் மக்கள் நம்பிக்கையால் நடத்தும் ஒரு பணமுறை, இரண்டு விதிகளுக்கும் நடுவில் நிற்கிறது.

ரொக்கம் என்றால்

இதுவரை சொன்னது வரியைப் பற்றி. ரொக்கத்துக்குத் தனி விதி ஒன்று 2017 ஏப்ரல் 1 முதல் உண்டு. ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே நிகழ்ச்சியை ஒட்டியோ ரூ. 2 இலட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறக்கூடாது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் உண்டு. அதையும் பெற்றவரே கட்ட வேண்டும். உறவினருக்கு இதில் விலக்கு இல்லை. மகளின் திருமணத்துக்குத் தந்தை மூன்று இலட்சத்தை நோட்டாகக் கையில் கொடுத்தால், மகளுக்கு வருமான வரி இல்லை. ஆனால் மூன்று இலட்சம் தண்டம் வரக்கூடும். திங்களன்று ஒன்றரை, வியாழனன்று ஒன்றரை எனப் பிரித்தாலும் ஒரே திருமணம் ஆதலால் பயனில்லை. அதே தொகையை வங்கி வழியாக அனுப்பினால் எந்தத் தொல்லையும் இல்லை.

கொடை என்னும் போர்வை

கொடை என்ற பெயரைச் சூட்டியதாலேயே எல்லாம் கொடை ஆகிவிடாது. வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். குறைந்தது ஐந்தாண்டுச் சிறை உண்டு. கேட்காமல், வழக்கப்படி, வசதிக்கு மீறாமல் கொடுக்கும் பரிசுகளை மட்டும் சட்டம் விலக்குகிறது; அவற்றையும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள்" என்னும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது உண்மையா என்பதை அந்தப் பட்டியலும், கொடுத்தவர் கொடுக்க விரும்பினாரா என்பதும்தான் காட்டும். படித்த நாமே அந்தப் பேச்சின் மறைவில் நின்றால் படிப்பினால் பயன் என்ன?

வாக்காளர்க்கு வேட்பாளர் தரும் பணம், 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடைமுறை. அரசு ஊழியர்க்குக் காரியம் முடிப்பதற்காகத் தருவது இலஞ்சம். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் பொதுவாகக் குற்றவாளியே. இவையெல்லாம் கைம்மாறு கருதியவை. ஆகவே முதலில் சொன்ன இலக்கணப்படியே கொடை ஆகமாட்டா.

நாம் திரட்டும் நிதி

நம் சங்கத்தைப் போன்ற அமைப்புகளுக்கு நெருக்கமான செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு தோழருக்கு அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது. 120 பேர் ஆளுக்கு ரூ. 500 தருகிறார்கள், ரூ. 60,000 சேர்கிறது. கொடுத்தவர் யாவரும் சட்டப்படி அயலார். எல்லை தாண்டியதால் அறுபதாயிரமும் அத்தோழரின் வருமானக் கணக்கில் வரும். அவர் வேறு வருமானம் இல்லாதவரானால் வரி நேராது. ஆகவே அஞ்சி உதவியை நிறுத்த வேண்டியதில்லை. பதிவு பெற்ற அறநிலையம் ஒன்றின் வழியாக உதவி வந்தால் அது விலக்குப் பெறும்.

இடையில் நிற்கும் பொருளாளரின் நிலைதான் கவனத்துக்கு உரியது. பணம் முழுவதும் அவருடைய கணக்கில், கைப்பேசியில் யூ.பி.ஐ. வழியாக, நூற்றிருபது துண்டாக வந்து விழுகிறது. அது அவருடைய பணம் அன்று. அவர் கைமாற்றித் தருபவர் மட்டுமே. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து ஓர் அதிகாரி கேட்டால், அதை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே. கொடுத்தவர் பெயர், தொகை, நாள், எதற்காக, மருத்துவமனைக்குக் கட்டிய இரசீது ஆகியவை ஒரு தாளில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் நல்லது செய்யப்போன ஒருவர், விளக்கம் சொல்ல முடியாத வருமானத்துக்கு உடையவராக நிற்க நேரும். அப்படிப்பட்ட வருமானத்துக்குச் சட்டம் தனியாக, கடுமையான வரி வைத்திருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. அன்பாகக் கொடுத்ததற்குக் கணக்கு எழுதுவது அன்பைக் குறைப்பதாகாது. மாமனோ சித்தப்பாவோ பெருந்தொகை கொடுத்தால், வங்கி வழியாகப் பெற்று, "இது என் அன்பளிப்பு" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் எனில் கடன் என்று எழுதுங்கள். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் என்னும் ஒரு வரியை அந்தப் பட்டியலில் சேர்க்குமாறு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நாம் எழுதலாம். அது நியாயமான வேண்டுகோள் என்றே நான் எண்ணுகிறேன். வளர்த்துவிட்டவருக்கு வளர்ந்தவன் திருப்பித் தருவதை, வளர்த்தவரின் வருமானம் என்று சொல்வது பொருத்தமாக இல்லை. அவ்வரி சேரும்வரை, என் மாமனுக்கு மாதம் நாலாயிரம்.